இடது கன்னத்தில் கற்கண்டு

நான் மாப்பிள்ளையாகத் தேறியது ஒரு உணவகத்தின் பின்கட்டில். மொன்றியலுக்கு வந்த புதிதில் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சுகாதார இலாகாவிலிருந்து டெலிபோன் வந்தது. நீ குடிப்பாயா என்று கேட்கிறார்கள்" என்றார். பாத்திரம் கழுவுகிறவன் குடிப்பதைப் பற்றி அரசாங்கத்துக்கு என்ன கவலை என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. பெண்வீட்டார் விசாரிக்கிறார்கள். "இவனுக்குக் குடிக்க நேரம் இல்லை, நான் கொடுப்பதில்லை" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வசனத்தின் மேல்தான் என் முப்பத்திரண்டு வருட இல்லறம் நிற்கிறது.

அன்று சுகாதார இலாகாவாகப் பேசியவர் என் மனைவியின் அண்ணன். பிறகு எனக்கு மச்சான் ஆனார். விசாரிப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கலியாணப் பேச்சு வந்தால் போதும். வீட்டுக்காரர், வேலை செய்யும் இடம், பக்கத்து வீடு, தலைமுடி வெட்டுகிற கடை என்று எல்லா இடத்துக்கும் டெலிபோன் போகும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள், வேறு வேறு குரல். நேரடியாகக் கேட்டால் பதில் சொல்வார்களே, கேட்டால் என்ன என்று வெளியாட்கள் நினைக்கலாம். நேரடியாகச் சொல்லப்பட்ட எதையும் எங்கள் ஆட்கள் நம்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் மகனுக்கு முப்பத்தொரு வயது. வீடியோ கேம் செய்யும் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளராக இருக்கிறான். வீட்டில் இதைக் 'கொம்பியூட்டர் வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் ஒரு பிள்ளையோடு அவனுக்கு ஒரு பேச்சு வந்தது. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. மச்சான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பிள்ளை வேலை செய்த பல் வைத்தியசாலைக்கு டெலிபோன் எடுத்து, நோயாளிபோல நடித்து, பிள்ளையின் குணநலன்களைக் கேட்டிருக்கிறார். டெலிபோனை எடுத்தது அந்தப் பிள்ளைதான். அதோடு அது முடிந்தது.

மகன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பதினொரு வயதில் இனிக் கத்தரிக்காய் தின்னமாட்டேன் என்று ஒரு தடவை சொன்னான். இன்றுவரை தின்றதில்லை. ஆகவே அவன் மறுபடி, "ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, கூடவே இன்னொன்றும் சொன்னபோது எனக்குக் கத்தரிக்காய்தான் ஞாபகம் வந்தது.

"அம்மா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்கோ. மாமா ஆரிட்டையும் டெலிபோன் எடுக்கக்கூடாது. நீங்களும்தான். விசாரிச்சீங்கள் எண்டு தெரிஞ்சால் நான் பேந்து இந்த வீட்டுக்கு வரமாட்டன்."

"சீச்சீ, நாங்கள் என்னத்துக்கு விசாரிக்கப் போறம்?" என்றாள் மனைவி. "எந்த ஊர்ப் பிள்ளை?"

"ஜப்பான்."

மனைவி விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி, எங்கே என்றாலும் விசாரிக்க எங்களுக்கு ஆள் இருக்கிறது. ஜப்பானில் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"என்ன வேலை?"

"குரல் குடுக்கிறவா."

"ஆருக்கு?"

"கார்ட்டூனுக்கு அம்மா. ஜப்பானில கனகாலம் குடுத்தவா. இப்ப இஞ்ச கேமுகளுக்குக் குடுக்கிறா."

"அது பொழுதுபோக்கு. வேலை என்னெண்டுதானே கேட்டனான்?"

அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவள் வந்தாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. படியேறி வந்தவள் சப்பாத்தைக் கழற்றி, மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து என் மனைவிக்கு 'குட் மோர்னிங்' என்றாள்.

மனைவி என் காதுக்குள், "குடிச்சிட்டு வந்திருக்கிறாளோ?" என்றாள்.

மகன் விளக்கினான். அந்தத் தொழிலில் எத்தனை மணிக்கு ஸ்டூடியோவுக்குள் போனாலும் காலை வணக்கம்தான் சொல்வார்களாம். பயத்தில் வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது. மனைவி தலையாட்டினாள். நம்பினாள் என்று அர்த்தமில்லை.

வயது முப்பத்தாறு. மகனைவிட ஐந்து கூட. கையில் காப்பு இல்லை, காதில் தோடு இல்லை, உடுப்பு சத்தமே போடாத மெல்லிய பருத்தி. பேசியது கொஞ்சம். பேசிய குரலும் அடங்கிய, தட்டையான, எங்கேயோ கேட்ட வங்கி உத்தியோகத்தர் குரல். இந்தக் குரலைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று எனக்கு முதல் சந்தேகம் தோன்றியது.

சாப்பாட்டில் அவளது வரலாற்றை மகன்தான் சொன்னான். பிட்டைப் பிசைந்துகொண்டே ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னான். அவள் வடக்கே ஒரு துறைமுக ஊர்க்காரி. சின்ன வயதிலேயே கட்டைக் குரல். வீட்டுக்கு டெலிபோன் எடுப்பவர்கள் எல்லாரும் "தம்பி, அப்பா நிற்கிறாரோ?" என்று கேட்டதால் டெலிபோன் மணி அடித்தாலே ஒளித்துக்கொள்வாளாம். பதினெட்டு வயதில் தோக்கியோ. பகலில் தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டி அடுக்குவது, மாலையில் இரண்டு வருடம் குரல் பயிற்சிப் பள்ளி. படித்து முடித்த பிறகும் முதல் ஒன்றரை வருடம் அவள் கூட்டத்தின் இரைச்சலாகத்தான் இருந்தாள். சந்தை, ரயில் நிலையம், தீப்பிடித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நாலைந்து பேர் மூலையில் நின்று முணுமுணுப்பார்கள். முதன்முதலில் தனியாகக் கிடைத்த வசனம், "கதவைச் சாத்து."

"கதவைச் சாத்தெண்டு சொல்ல ரெண்டு வருசப் படிப்போ?" என்றாள் மனைவி தமிழில்.

"அம்மா!"

பிறகு ஒரு கார்ட்டூன் நீர்நாய் வந்தது. ஒரு குடையோடு ஊர் ஊராகத் திரியும் நீர்நாய்க் குட்டி. ஒன்பது வருடம் அவள்தான் அதற்குக் குரல். அங்கே சின்னப் பையன்களுக்கும் குட்டி மிருகங்களுக்கும் பெண்கள்தான் பேசுவார்கள். மூன்று மைக், பத்துப் பன்னிரண்டு பேர். தன் முறை வரும்போது மைக்குக்கு நழுவி வந்து, சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நழுவிவிட வேண்டும். கையில் இருக்கும் தாளைச் சத்தமில்லாமல் புரட்ட வேண்டும். வளையல் கிணுங்கக் கூடாது, வயிறு இரையக் கூடாது. நகை இல்லாததற்கு அது காரணம் என்று மகன் சொன்னான். எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்விக்கு அவன் பதில் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

"எங்கே, அந்த நீர்நாய் மாதிரி ஒருக்காப் பேசிக் காட்டச் சொல்லு பாப்பம்" என்றாள் மனைவி.

மகன் மொழிபெயர்த்தான். அவள் கரண்டியை வைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும் என்றாள். அந்தக் குரல் படத்தில் இருக்கும் அந்தப் பிராணியுடையது, தன்னுடையது இல்லை. அதன் வசனத்தை எழுதித் தந்தால் மட்டுமே பேசலாம். சாப்பாட்டு மேசையில் எடுத்துக் காட்டக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் பலர் கடைப்பிடிக்கிற மரியாதை.

பாடகி என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருத்தி பாடமாட்டேன் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அவள் போன பிறகு மனைவி சட்டி கழுவிக்கொண்டே, "எனக்கெண்டால் அவள் சொன்ன ஒண்டையும் நம்பேலாமல் கிடக்கு" என்றாள். எனக்கும் அதேதான். பன்னிரண்டு புத்தக அலுமாரி வைத்திருக்கிறேன், உலக இலக்கியம் பேசுகிறேன், ஆனாலும் உள்ளுக்குள் சுகாதார இலாகா ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் மனைவி மகனுக்கு டெலிபோன் எடுத்தாள். எடுத்தவன், "அம்மா, பேந்து எடுக்கிறன்" என்று அவசரமாக வைத்துவிட்டான். ஆனால் அந்த இரண்டு நொடிக்குள் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுததை அவள் கேட்டுவிட்டாள்.

"நாலு வயசு இருக்கும்" என்றாள் வெளிறிய முகத்தோடு. "அவளுக்குப் பிள்ளை இருக்கு. மறைச்சுப்போட்டாள்."

"அவளே அழுதிருப்பாள். அதுதானே தொழில்?"

"உங்களுக்கு விசரே? பிள்ளை பெத்தவளுக்குத் தெரியாதோ பிள்ளை அழுகிற சத்தம்?"

நானும் ஒரு நிமிடம் அசைந்துபோனேன் என்பதை ஒளிக்கக்கூடாது. மாலையில் மகன் திரும்ப எடுத்து, அது ஸ்டூடியோ, பதிவு நடந்துகொண்டிருந்தது என்றான். உண்மையிலேயே பிள்ளை இருந்தாலும் அப்படித்தானே சொல்வான்?

மனைவி அண்ணனுக்குச் சொன்னாள். மச்சான் எனக்கு டெலிபோன் எடுத்தார்.

"மச்சான், நான் எடுக்கேலாது. பெடியனுக்கு என்ர குரல் தெரியும், பெடிச்சிக்கும் சொல்லி வைச்சிருப்பான். இந்தமுறை நீர்தான்."

"எனக்கு உது சரிவராது."

"ஏன் சரிவராது? நீர் கதை எழுதுற மனுசன்தானே? அவள் இருக்கிற வீட்டுக்காரிக்கு எடும். மேல்வீடு வாடகைக்கு விடுறவன் மாதிரிக் கதையும். அந்தப் பிள்ளை வீடு கேட்டு வந்திருக்கு, ஆள் எப்பிடி எண்டு கேளும். சிகரெட் பிடிக்குமோ, பிள்ளை குட்டி இருக்கோ, ஆர் ஆர் வந்து போகினம், எல்லாம் கேக்கலாம். ஆரும் சந்தேகப்படாயினம்."

"என்ர குரல்?"

"இடது கன்னத்துக்குள்ள ஒரு கற்கண்டு வையும். பெத்த தாய்க்கும் பிடிபடாது."

அவள் அஹுன்ட்சிக் பக்கம் ஆற்றுக்கு அருகே ஒரு வயதான ஜப்பானிய அம்மா வீட்டில் அறை எடுத்திருந்தாள். அந்த வீட்டு நம்பர் எங்களிடம் இருந்தது. அவள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியின் மேல், தன் கைத்தொலைபேசியில் பிடிக்க முடியாவிட்டால் இங்கே எடுங்கள் என்று அவளே அழகாக எழுதித் தந்திருந்தாள். நம்பித் தந்த நம்பர். அதை நினைத்து நான் இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் கற்கண்டு வாங்கினேன்.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலைக் காரியாலயத்தில் வேலை பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டிகள் குவித்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நம்பரை மறைத்தேன். கற்கண்டை அதக்கினேன். முன்பு எங்களுக்கு வீட்டுக்காரராக இருந்த ஒரு கிரேக்கக் கிழவரின் ஆங்கிலத்தை மனதில் நிறுத்திக்கொண்டேன்.

எடுத்தது அவள். அதே வங்கிக் குரல்.

"லவாலில் இருந்து பேசுகிறேன்" என்றேன் கிரேக்கனாக. "வீட்டுக்கார அம்மாவோடு பேச வேண்டும்."

"கொஞ்சம் பொறுங்கள்" என்றாள். செருப்பு இழுபடும் சத்தம் தூரத்தில் கேட்டு மெல்ல நெருங்கி வந்தது. பிறகு ஒரு கிழவியின் குரல். மெல்லியது, நடுங்குவது, ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் மூச்சு வாங்குவது. ஆங்கிலம் தெளிவு. எண்பது வயது இருக்கும் என்று மதிப்பிட்டேன். குரல்களை எடைபோடுவதில் எனக்குக் கொஞ்சம் திறமை உண்டு என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

வீடு கேட்டு வந்திருக்கிற பெண்ணைப் பற்றி அறிய வேண்டும் என்றேன்.

"நல்ல பிள்ளை" என்றாள் கிழவி. "சத்தமே போடாது. சத்தம் போட்டால் அது வேலை. போன கிழமை முழுக்கச் செத்துக்கொண்டிருந்தது."

"என்ன?"

"கேமுக்கு. அம்பு பட்டு, தண்ணீரில் மூழ்கி, மலையிலிருந்து விழுந்து. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சாகும். இரவு வந்து வெந்நீர் குடிக்கும்."

சிகரெட்? இல்லை. விருந்தாளிகள்? ஒரு பையன் வருவான், சப்பாத்தை ஒழுங்காகக் கழற்றி வைக்கத் தெரியாது, மற்றப்படி நல்ல பையன். நான் கற்கண்டை அடுத்த கன்னத்துக்கு மாற்றி, பெரிய கேள்விக்கு வந்தேன். குழந்தைகள் உண்டா?

கிழவி மூச்சு வாங்கினாள். "குழந்தை இல்லை. ஒன்பது வருடம் ஒரு நீர்நாய் இருந்தது. அதையும் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்."

கிழவி தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைக்குக் குரல் நாணில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் பேசக்கூடாது என்றார்கள். ஒரு கொப்பியில் எழுதிக் காட்டித்தான் சீவித்தாள். நீர்நாய் காத்திருக்க முடியாது, வாரா வாரம் வரவேண்டும். புதிதாக ஒருத்தி வந்தாள், நல்ல கெட்டிக்காரி. குழந்தைகள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "அதுதான் நல்லது" என்றாள் கிழவி. "தெரியக்கூடாது என்றுதானே எல்லாரும் பாடுபட்டார்கள். ஆனால் ஒரு குழந்தைக்காவது தெரிந்திருக்கலாம்."

"அவளுக்கு ஒரு கலியாணமும் நடந்தது" என்றாள் பிறகு. "நாலு வருடம். சண்டை ஒன்றும் இல்லை. அவள் பேசாமல் இருந்த ஆறு மாதத்தில் கணவர் பேசாமல் இருக்கப் பழகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் தொடங்கவே இல்லை. இதை அவள் யாருக்கும் மறைக்க நினைக்கவில்லை. சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை."

லவால் வீட்டுக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கன்னத்தில் கற்கண்டு கரைந்துகொண்டிருந்தது.

"இப்போது நான் கேட்கலாமா?" என்றாள் கிழவி. "உங்கள் வீடு எப்படி? சூடு இருக்குமா?"

"இருக்கும். மூன்றாம் மாடி."

"சில நாள் அவள் குரலுக்கு ஓய்வு கொடுக்கப் பேசாமலே இருப்பாள். கோபம் என்று நினைப்பீர்களா?"

"நான் நினைக்கமாட்டேன். என் மனைவி நினைப்பாள்."

"உங்கள் மனைவி கடுமையானவரா?"

"ஒன்றையும் லேசில் நம்பமாட்டாள். நம்பிவிட்டால் பிறகு ஊரே சொன்னாலும் கைவிடமாட்டாள். என்னை அப்படித்தான் வைத்திருக்கிறாள்."

"நீங்கள்?"

"நானா? நான் பகிடி விட்டுத் தப்பிக்கொள்ளுகிற ஆள்."

"சரி" என்றாள் கிழவி. ஏதோ தாளில் குறித்துக்கொள்வது போல ஒரு இடைவெளி விட்டாள். "பரவாயில்லை போலத்தான் இருக்கிறது."

மாலையில் மனைவியிடமும், டெலிபோனில் மச்சானிடமும் அறிக்கை கொடுத்தேன். பிள்ளை இல்லை. ஒரு கலியாணம் நடந்து முறிந்தது. மனைவி நெடுநேரம் சீலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஆறு மாசம் கதைக்காமல்..." என்றாள் கடைசியில். "பாவம்." அத்தோடு அந்தச் சந்தேகம் முடிந்தது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல். தெரிந்துவிட்டது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது. மகன் சொல்லும் வரைக்கும் இரண்டு பேரும் தெரியாதவர்களாக நடிக்க வேண்டும்.

மகன் இரண்டு கிழமையில் அறிவித்தான். முறைப்படி பேச வருகிறார்கள். பெண்ணின் தாய் தகப்பன் ஜப்பானில் இருப்பதால் பெரியவராக அந்த வீட்டுக்கார அம்மா கூட வருகிறார்.

எனக்குச் சந்தோஷம். கிழவியோடு ஏற்கெனவே ஒரு மனப்பழக்கம் வந்திருந்தது. கற்கண்டு இல்லாத என் குரல் அவருக்குப் பிடிபடாது என்ற தைரியமும் இருந்தது. கதவைத் திறந்து, கைகுலுக்கி, என் சொந்த ஆங்கிலத்தில், "படி ஏறக் கஷ்டமாக இருந்திருக்குமே, மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டேன்.

"பொன்ஜூர், பொன்ஜூர்!" என்றார் அந்த அம்மா. குரல், சரளை இறக்குகிற லொறி. சிகரெட்டில் ஐம்பது வருடம் ஊறிய கனத்த, கரகரத்த, கலகலத்த குரல். தொடர்ந்து கெபெக் பிரெஞ்சில் நாலு வசனம் பொழிந்தார். அந்தப் பிரெஞ்சை எங்கள் தெரு மூலைக்கடை டெப்பனர்க்காரர் மட்டும்தான் அவ்வளவு வேகமாகப் பேசுவார்.

"அப்பா, அவவுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாது" என்றான் மகன். "இளம் வயசில வந்து இஞ்சத்தை ஆளைக் கட்டினவா. காதும் குறைவு. டெலிபோன் பக்கமே போகமாட்டா, எப்பவும் இவதான் எடுக்கிறவா."

நான் அந்த அம்மாவின் கையை விட மறந்து நின்றேன். பிறகு மெல்ல அவளைப் பார்த்தேன். அவள் குனிந்து சப்பாத்தின் மூக்கை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். இந்தமுறை 'குட் ஈவினிங்' என்றாள்.

அந்தச் சாப்பாட்டில் நான் என்ன தின்றேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவை அவள் வாயைத் திறக்கும்போதும், இதோ சொல்லப்போகிறாள் என்று கரண்டி நின்றது. மகன் வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, அப்பா, ஒரு விசயம் இருக்கு. இவ முந்தி ஒருக்கா..." என்று தொடங்கினான்.

"ஐயோ, அப்பிடியோ!" என்றாள் என் மனைவி, நெஞ்சில் கைவைத்து.

"நான் இன்னும் சொல்லேல்லையே அம்மா."

மகனுக்குப் பக்கத்தில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. படத்தில் வாய் திறக்கும் முன்னமே மைக்கில் பாய்ந்துவிட்ட புதுச் சக நடிகையைப் பார்க்கிற அனுதாபம் அந்த முகத்தில் இருந்தது. மகன் சொல்லி முடித்தான். மனைவி அவன் முடிக்கும்வரை காத்திருந்து, எழுந்து போய், அவள் தட்டில் இன்னொரு அகப்பை சொதி ஊற்றினாள். அது நடிப்பு இல்லை.

புறப்படும்போது மகன் வயதான அம்மாவைக் கைப்பிடித்துப் படி இறக்கினான். அவள் வாசலில் பின்தங்கி, கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகரப் பெட்டி எடுத்து என்னிடம் நீட்டினாள். தொண்டைக்கு வைத்துக்கொள்கிற ஜப்பானிய மிட்டாய்.

"நீங்கள் வைத்திருந்தது பல்லில் படுகிறது" என்றாள் தாழ்ந்த ஆங்கிலத்தில். "இது தட்டையானது, படாது. இடது கன்னம் நல்லது. நடுவில் வலதுக்கு மாற்றினீர்கள், அப்போதுதான் கிரேக்கர் போய்விட்டார்."

"எப்படி..." என்றேன்.

"நீங்கள் ஒவ்வொரு ஆங்கில வசனத்துக்கும் முன்னால் வாயால் மூச்சு இழுப்பீர்கள். முதல் நாள் சாப்பாட்டில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குரலை மாற்றலாம். மூச்சை மாற்ற மூன்று வருடம் வேண்டும்."

"மகனிடம் சொல்லிவிட்டீர்களா?"

அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "அது என்னுடைய வசனம் இல்லையே" என்றாள். குனிந்தாள். படியிறங்கிப் போனாள்.

நல்ல மனிதனாக இருந்தால் அன்றிரவே மகனிடம் சொல்லியிருப்பேன். நான் செய்தது, அவளைச் சந்தேகப்பட்டது. ஏன் சொல்லவில்லை? எதற்காகச் சேர்த்து வைக்கிறாள்? கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் எடுத்து விடுவாளா? அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள், மனைவியோடு வெங்காயம் உரித்தாள். பேசாத நாட்களில் கழுத்தில் ஒரு சின்ன அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். மனைவி அந்த நாட்களில் தானும் பேசாமல் இருந்து பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் தகரப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகனோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெற்றோவில் அவன் திடீரென்று சொன்னான்.

"அப்பா, உங்களைப் பற்றி நான் பிழையா நினைச்சிட்டன். நீங்கள் கட்டாயம் விசாரிப்பீங்கள் எண்டுதான் இருந்தனான். மாமாவும் ஒருத்தரிட்டையும் எடுக்கேல்லை, அவரை மறிச்சது நீங்கள்தானே. நீங்கள் நல்லா மாறியிட்டீங்கள்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. "ஓம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முன்னால் மூச்சு இழுத்தேனா என்று தெரியவில்லை.

சரி, எழுதித் தொலைத்தால் பாரம் குறையும் என்று இதைத் தொடங்கினேன். அதில் எனக்கு ஒரு பாதுகாப்பும் இருந்தது. மகனுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், பேசுவான், ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம், அவன் ஹொக்கிக்குப் போனான். முப்பது வருடமாக அவனைப் பற்றி நான் சிறு பத்திரிகைகளில் எழுதிவரும் எதுவும் அவனுக்குத் தெரியாது. தமிழைப்போலப் பத்திரமான பெட்டகம் என் வீட்டில் வேறு இல்லை.

பாதி எழுதியிருந்தபோது மகன் டெலிபோன் எடுத்தான். குரலில் ஒரே குதூகலம்.

"அப்பா, இவ தமிழ் எழுத்துப் படிச்சிட்டா! மூண்டு மாசமா அம்மாதான் ஒளிச்சு வைச்சுச் சொல்லிக் குடுத்தவா. அர்த்தம் ஒண்டும் தெரியாது, ஆனால் எழுத்தைப் பார்த்து அப்பிடியே வாசிக்கிறா. நேற்று உங்கட பழைய கட்டுரை ஒண்டை எடுத்து வாசிச்சவா. நான் பக்கத்தில இருந்து கேட்டனான். நான் கத்தரிக்காய் தின்னாத கதை. அப்பா, நீங்கள் பகிடியா எழுதுறீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே!"

வாசிக்கத் தெரிந்தவளுக்கு விளங்காது. விளங்குகிறவனுக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரு கதிரையில் அருகருகே உட்கார வைத்தால் என் பெட்டகம் திறந்துகொள்கிறது. எழுதிக் கொடுத்தால் மட்டுமே பேசுவேன் என்று முதல்நாளே சொன்னவள் அவள். இப்போது எழுதிக்கொண்டிருப்பவன் நான்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். கிழித்துக் குப்பையில் போட்டிருக்கலாம். இரண்டு நாள் யோசித்துவிட்டு மிச்சத்தையும் எழுதினேன். வைகாசியில் பதிவுக் காரியாலயத்தில் கலியாண எழுத்து. அதற்கு முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டும். என் வாயால் சொன்னால் நடுவில் ஒரு பகிடி விட்டுத் தப்பிவிடுவேன் என்பதை அந்தக் கிழவியிடம் நானே ஒத்துக்கொண்டிருக்கிறேன். இவள் வாசித்தால் தப்ப முடியாது. அர்த்தம் தெரியாததால் ஒரு வரியைக்கூட அவளால் மென்று விழுங்க முடியாது.

மனைவியிடம் சொன்னேன். "அவன் கோபிச்சுக்கொண்டு வராமல் விட்டால்?" என்றாள். மேசையில் வைக்க வேண்டிய தாள்களை நான் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். "நீங்கள் வைக்காட்டி நான் வைக்கிறன்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

நாளை ஞாயிறு. அவர்கள் ஆறு மணிக்கு வருவார்கள். தாள்களை மடிக்காமல், புரட்டினால் சரசரக்காத நல்ல தடித்த தாளில் அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் அவள் இருக்கும் பக்கம் வைத்திருக்கிறேன். மேலே தகரப் பெட்டியில் மிஞ்சிய கடைசி மிட்டாய். மகன் கேட்டு முடித்துவிட்டு எழுந்து சப்பாத்தைப் போடுவானா, கதிரையில் இருப்பானா என்று எனக்குத் தெரியாது. அவள் இதை எந்தக் குரலில் வாசிப்பாள் என்பதும் தெரியாது. கிரேக்கனாகவா, கிழவியாகவா, அல்லது ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் வாயால் மூச்சு இழுக்கிற என் குரலிலேயேவா என்றுதான் எனக்கு இப்போது சந்தேகம்.